வயிறு இழுக்கிறது: வரப்போகிறதா, தங்கிவிட்டதா?

மாதவிலக்கு வர நான்கைந்து நாள் இருக்கிறது. மார்பு கனக்கிறது, அடிவயிறு இழுக்கிறது, காரணமே இல்லாமல் கண்ணீர் முட்டுகிறது, குழம்பு தாளிக்கிற வாசனை குமட்டுகிறது. இது மாதாமாதம் வருகிற தொல்லைதானா, இல்லை கரு தங்கியதன் அடையாளமா?

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நான்கைந்து நாளில் உடம்பை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பெரிய டாக்டராலும் முடியாது, ஏழு பிள்ளை பெற்ற பாட்டியாலும் முடியாது. ஏன் முடியாது, எந்த நாளில் முடியும், அதுவரை எதைச் செய்யக் கூடாது என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். நம் ஊர்ப் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ரயிலில் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை.

எங்கள் ஊரான ஊரிகத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோலார் தங்கவயலில் பங்காருப்பேட்டைக்கும் மாரிக்குப்பத்துக்கும் இடையே ஓடும் ரயில் பாதையில் உள்ள ஊர் இது. வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் நாங்கள். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து ஊரின் பிழைப்பு பெங்களூருக்குப் போகும் ரயிலில்தான் இருக்கிறது. கார்மெண்ட்ஸ், கடை, ஆபீஸ், வீட்டு வேலை என்று விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கம்பெனி இருந்த காலத்தில் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. சுரங்கத் தொழிலாளியின் மனைவி ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வரலாம். இப்போது டாக்டரைப் பார்க்க ஒரு நாள் லீவு போட வேண்டும், அந்த நாள் சம்பளமும் போகும். அதனால்தான் கேள்வி டாக்டரிடம் போகாமல் பெண்கள் பெட்டியில் பக்கத்து சீட்டுக்கு வருகிறது.

"நாளுக்கு இன்னும் நாலு நாள் கீதுக்கா. ஆனா மாரெல்லாம் ஒரே வலி. போன தடவ பையன் தங்கினப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. அதுவாத்தான் இருக்கும், இல்லக்கா?"

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

மாதவிலக்கு வந்த முதல் நாளை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு ஏறக்குறைய 14ஆம் நாள் முட்டை வெளியேறும். முட்டை கிளம்பிய இடத்தில், சினைப்பையில், மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் திரள் உருவாகிறது. அதற்குப் பெயர் கார்பஸ் லூட்டியம். அதன் வேலை புரோஜெஸ்டிரோன் சுரப்பது. கருப்பையின் உள்சுவரைக் கரு வந்து உட்காரத் தோதாகப் பக்குவப்படுத்துவது இந்த ஹார்மோன்தான். அது கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. மார்பில் கனமும் வலியும் தருகிறது. குடலின் அசைவை மந்தமாக்கி வயிற்றை உப்ப வைக்கிறது, மலச்சிக்கல் தருகிறது. தூக்கம் தூக்கமாக வர வைக்கிறது. மனநிலையையும் அசைத்துப் பார்க்கிறது.

கரு உண்டானாலும் உண்டாகாவிட்டாலும் இந்த இரண்டு வாரமும் அந்த ஹார்மோன் சுரக்கத்தான் செய்யும். உண்டாகவில்லை என்றால் 14 நாள் வாக்கில் அந்தத் திரள் வாடிவிடும், புரோஜெஸ்டிரோன் இறங்கும், உள்சுவர் உதிரும், அதுதான் மாதவிலக்கு. உண்டானால், கரு ஹெச்.சி.ஜி. என்ற வேறொரு ஹார்மோனை அனுப்பி, "வாடாதே, தொடர்ந்து சுர" என்று அந்தத் திரளைத் தாங்கிப் பிடிக்கும். ஆக, விலக்குக்கு முந்தைய தொல்லைக்கும் கருவின் முதல் நாள்களில் தெரியும் தொல்லைக்கும் காரணம் ஒரே ஹார்மோன். அதனால்தான் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கரு உருவான உடனே தாயின் ரத்தத்தோடு அதற்குத் தொடர்பு கிடையாது. குழாயில் உருண்டு வந்து கருப்பைச் சுவரில் பதிய வேண்டும். ஆலன் வில்காக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, பிள்ளைக்காகக் காத்திருந்த பெண்களிடம் தினமும் சிறுநீர் வாங்கிப் பரிசோதித்து 1999இல் முடிவை வெளியிட்டது. ஆறு வாரத்தைத் தாண்டி நிலைத்த கருக்களில் 84 சதவீதம், முட்டை வெளியேறியதிலிருந்து 8, 9, 10ஆம் நாள்களில்தான் பதிந்திருந்தன. 28 நாள் சுற்றில் அது 22 முதல் 24ஆம் நாள். அதற்கு முன்னால் உடம்புக்கே செய்தி போயிருக்காது. 18ஆம் நாள் வந்த வாந்தியைக் கரு தங்கியதால் வந்த வாந்தி என்று சொல்ல வழியே இல்லை. முந்தின நாள் சாப்பிட்டதுதான் காரணமாக இருக்கும். பதிந்த பிறகும் முதல் சில நாள்களில் ஹெச்.சி.ஜி. மிகக் கொஞ்சம்தான். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, விலக்கு வர வேண்டிய நாள் வாக்கில்தான் சிறுநீரில் பிடிபடும் அளவுக்கு வரும்.

முட்டை எப்போது வெளியேறும் என்ற கணக்கு நம் முன்னோருக்கும் ஓரளவு பிடிபட்டிருக்கிறது போல. பூப்பு வந்த பிறகு பன்னிரண்டு நாள் தலைவன் தலைவியைப் பிரிந்திருப்பது அறமாகாது என்று தொல்காப்பியம் கற்பியலில் சொல்கிறது. இன்றைய மருத்துவக் கணக்கோடு ஏறத்தாழ ஒத்துப்போகும் அந்த வரியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

சரி, எதை வைத்தும் சொல்லவே முடியாதா? கொஞ்சம் வித்தியாசங்கள் உண்டு. அவை உறுதியானவை இல்லை, வெறும் சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்பு வலி விலக்கு வந்ததும் ஒன்றிரண்டு நாளில் வடிந்துவிடும். கரு தங்கியிருந்தால் வடியாது, கூடும். காம்பைச் சுற்றிக் கருப்பது வாரங்கள் போன பிறகுதான் தெரியும். அடிவயிற்று இழுப்பு இரண்டிலும் வரும். விலக்கு வலி உதிரப்போக்கோடு முற்றும். கருவின் வலி லேசாக வந்து வந்து போகும். அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடுவது பெரும்பாலும் நாள் தள்ளிய பிறகு தொடங்குவது. ரயில் பயணத்தில் தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைப்பதால் வரும் சிறுநீர்த் தொற்றும் அப்படியே ஓட வைக்கும். எரிச்சல் சேர்ந்து இருந்தால் தொற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புளிப்பு கேட்பது, மாங்காய் கேட்பது எல்லாம் சினிமாவில் அடையாளம். விலக்குக்கு முன்னால் இனிப்புக்கும் காரத்துக்கும் ஏங்காத பெண் உண்டா?

குமட்டலைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லலாம். மசக்கை சாதாரணமாகக் கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி ஐந்தாறு வாரத்தில் தொடங்கும், ஒன்பதாம் வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போகும். அதாவது நாள் தள்ளிப் போய் ஒரு வாரமாவது ஆன பிறகு. நாள் வருவதற்கு முன்பே குமட்டினால் அதை மசக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சோர்வை ஓர் அடையாளமாகச் சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, டப்பா கட்டி, இருட்டில் ஸ்டேஷனுக்கு நடந்து, நின்றுகொண்டே பெங்களூர் வரை போய், நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து, மறுபடி நின்றுகொண்டே திரும்பி வரும் பெண்ணுக்குச் சோர்வு எந்த நாளில் இல்லை? 2019–21இல் நாடு முழுக்க எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. மூச்சு வாங்குகிறது, படியேறினால் நெஞ்சு படபடக்கிறது என்றால் கருவா விலக்கா என்று யோசிப்பதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்ப்பார்கள்.

உதிரத்தைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். "கரு பதியும்போது லேசா ரத்தம் படும், அதுதான் அடையாளம்" என்று யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு துளி பழுப்பாகப் பட்டதும் சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், வழக்கத்தைவிடக் குறைவாக வந்ததைப் பார்த்து விலக்கு வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்து, இரண்டு மாதம் கழித்து அதிர்ந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். கருவின் முதல் வாரங்களில் லேசாகக் கசிவது சிலருக்கு நடக்கிறது, உண்மைதான். ஆனால் அது பதிகிற நாளைவிட விலக்கு வர வேண்டிய நாளை ஒட்டியே பெரும்பாலும் வருகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால்தான் ஏமாந்து போகிறோம். பொதுவாக அந்தக் கசிவு பழுப்பாகவோ ரோஸ் நிறத்திலோ ஒன்றிரண்டு நாள் வரும், துணி நனையாது, கட்டி போகாது. எப்போதும் நான்கு நாள் நன்றாகப் போகிறவருக்கு இந்த மாதம் ஒரு நாள் மட்டும் லேசாகப் பட்டு நின்றுவிட்டதா? அதை விலக்காகக் கணக்கில் எழுதாதீர்கள். டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.

இப்போது டெஸ்ட்டுக்கு வருவோம். இன்று மருந்துக் கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் இந்தப் பிளாஸ்டிக் துண்டுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1930களில் ஒரு பெண்ணின் சிறுநீரை ஆப்பிரிக்கத் தவளைக்கு ஊசியில் ஏற்றுவார்கள். தவளை முட்டையிட்டால் அந்தப் பெண் கர்ப்பம். 1972இல் ஜூடித் வைட்டுகைட்டிஸ், க்ளென் பிரான்ஸ்டீன், க்ரிஃப் ராஸ் ஆகியோர் ஹெச்.சி.ஜி.யை மட்டும் தனியாக அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்தார்கள். வீட்டிலேயே பார்க்கலாமே என்ற யோசனை அதற்கும் முன்னால், 1967இல், மார்கரெட் கிரேன் என்ற பெண்ணுக்கு வந்தது. அவர் விஞ்ஞானி கிடையாது. ஒரு மருந்துக் கம்பெனியில் அழகுசாதனப் பொருள்களுக்குப் பெட்டி வடிவமைத்தவர். ஆய்வகத்தில் வரிசையாக நின்ற குழாய்களைப் பார்த்து, இதை ஏன் பெண்ணே தன் வீட்டில் செய்துகொள்ளக் கூடாது என்று கேட்டார். பெண்கள் கையில் கொடுத்தால் விபரீதமாகும் என்று முதலில் மறுத்தார்கள். பத்து வருடம் கழித்துத்தான் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

எப்போது எடுப்பது? நாள் தள்ளிப் போன அன்று, அல்லது அதற்குப் பிறகு. அதற்கு முன்னால் எடுத்தால் கரு இருந்தும் ஒரு கோடு மட்டும் காட்டலாம். அதைப் பார்த்து நிம்மதியடைவதும் தவறு, அழுவதும் தவறு. முன்கூட்டி எடுப்பதில் இன்னொரு வேதனையும் உண்டு. பதிகிற கருக்களில் கணிசமானவை நாள் தள்ளுவதற்குள்ளேயே தாமாகக் கலைந்துவிடுகின்றன. வில்காக்ஸின் குழு 1988இல் வெளியிட்ட கணக்கின்படி 22 சதவீதம் அப்படி யாருக்கும் தெரியாமலே போயின. அது எந்தப் பெண்ணின் குற்றமும் இல்லை. பிள்ளைக்காக வருடக்கணக்கில் ஏங்குகிறவர்கள் 24ஆம் நாளிலிருந்து தினமும் டெஸ்ட் எடுத்து, மங்கலாக ஒரு கோடு தெரிந்து, இரண்டு நாளில் அது மறைந்துபோய் உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து நாள் பொறுத்திருந்தால் அந்த ரணம் வேண்டியிருக்காது.

மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு நாள் தள்ளியது எப்படித் தெரியும்? கடைசியாகப் பாதுகாப்பு இல்லாமல் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். அதற்குப் பிறகு எடுத்த டெஸ்ட்டை நம்பலாம்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. சுத்தமான, உலர்ந்த பாத்திரத்தில் பிடித்து, கிட்டில் உள்ள சொட்டானால் சொல்லியிருக்கும் அளவு சொட்டு விடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள், பெரும்பாலும் ஐந்து நிமிடம். சி என்ற இடத்தில் கோடு வரவே இல்லை என்றால் அந்தக் கிட் பழுது. சி, டி இரண்டிலும் கோடு வந்தால், டி கோடு மங்கலாக இருந்தாலும் சரி, கரு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குப்பையில் போட்ட கிட்டைச் சாயங்காலம் எடுத்துப் பார்த்து "கோடு வந்துருச்சு" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. காய்ந்த பிறகு வரும் நிழல் கோடு அது. ஒரு கோடு மட்டும் வந்து, விலக்கும் வரவில்லை என்றால், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

கடையில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, தெரு முழுக்கப் பேச்சாகிவிடும் என்பவர்களுக்கு: அரசு சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவிடம் 'நிஸ்சய்' என்ற பெயரில் அரசு கொடுக்கும் கிட் இலவசமாகக் கிடைக்கும். ஆஷா கன்னடம் பேசுகிறவராக இருந்தால் தயங்க வேண்டாம். நாலு கன்னட வார்த்தை தெரியாத தங்கவயல் பெண் யார்?

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம். நாள் தள்ளியதும் பலர் செய்கிற முதல் காரியம் மருந்துக் கடைக்குப் போய் "வர்றதுக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்பது. கடைக்காரர் எதுவும் கேட்காமல் நோரெதிஸ்டிரோன் மாத்திரை ஒரு அட்டை எடுத்துக் கொடுக்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது. கோயில் திருவிழாவுக்கு நாளைத் தள்ளிப் போடுவதற்கும் அதே மாத்திரைதான். சாப்பிட்டு நிறுத்தினால் கரு இல்லாதவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும். வரவில்லை என்றால் கரு என்று அர்த்தமாம். அதையே ஒரு பரிசோதனையாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது புதிய பழக்கம் இல்லை. இதற்கு நாடு கொடுத்த விலை பெரியது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அதிக அளவில் சேர்த்த மருந்துகள் ஒருகாலத்தில் கர்ப்பப் பரிசோதனை என்றே விற்கப்பட்டன. இங்கிலாந்தில் அதன் பெயர் ப்ரைமோடாஸ். நம் நாட்டில் ஈ.பி. ஃபோர்ட் போன்றவை. 1967இல் லண்டனில் இசபெல் கால் என்ற குழந்தை மருத்துவர், முதுகெலும்புக் குறையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரில் பலர் இந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்ததைக் கவனித்து 'நேச்சர்' இதழில் எழுதினார். இங்கிலாந்துக் கடைகளிலிருந்து அது மறைய 1978 ஆனது. இங்கே 1982இல் தடை போட்டார்கள், கம்பெனிகள் நீதிமன்றத்தில் தடைக்குத் தடை வாங்கின. பெண்கள் அமைப்புகளும் மக்கள் நல மருத்துவர்களும் விடாமல் போராடினார்கள். பொது விசாரணைகள் நடந்தன. 1988இல்தான் தடை உறுதியானது. மாத்திரையால்தான் குறை வந்ததா என்று இன்றும் வாதம் நடக்கிறது. வாதம் எப்படி முடிந்தாலும், ஐந்து நிமிடத்தில் சிறுநீர் சொல்லிவிடும் பதிலுக்காக ஒரு ஹார்மோன் மாத்திரையை வயிற்றுக்குள் அனுப்ப வேண்டிய தேவை இன்று எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

கலைப்பதற்கான மாத்திரைகளையும் அப்படியே கடையில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அது இதைவிட ஆபத்து. கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. ரத்தம் மட்டும் போகும், முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது குழாய் வெடிக்கும். நாள் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம், விட்டு விட்டு உதிரம் என்று இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். இரவாக இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

எள்ளுருண்டை, பப்பாளி, கருப்பட்டிக் காப்பி எல்லாம் சாப்பிட்டுப் பார்த்து "வருதா இல்லையா" என்று தீர்மானிப்பதும் உண்டு. எள் நல்ல சத்து, தாராளமாகச் சாப்பிடுங்கள். அது எந்தப் பதிலும் சொல்லாது.

டெஸ்ட் இரண்டு முறையும் இல்லை என்கிறது, விலக்கும் வரவில்லை. அப்போது? தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, திடீரென்று எடை ஏறியது அல்லது இறங்கியது, நைட் ஷிஃப்ட், மனக்கவலை, அவசரத்துக்கு விழுங்கிய கருத்தடை மாத்திரை என்று பல காரணம் இருக்கும். ஒரு மாதம் நாள் மாறினால் பயப்பட ஒன்றுமில்லை. மூன்று மாதம் வராமலே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். பால் கொடுக்கிற தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் தலைக்குக் குளிக்கவே இல்லை, அதனால் தங்காது என்று நம்ப வேண்டாம். முதல் விலக்குக்கு முன்பே முட்டை வெளியேறிவிடும். விலக்கே வராமல் அடுத்த பிள்ளை வயிற்றில் வந்து நிற்பது அப்படித்தான்.

கரு இல்லை, விலக்குக்கு முந்தைய தொல்லைதான் என்று தெரிந்துவிட்டால் "அவ்வளவுதானா" என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அது சின்ன விஷயம் இல்லை. 1953இல் ரேமண்ட் க்ரீன், கேத்தரினா டால்டன் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் அதற்கு ஒரு நோய்க்குறித் தொகுதி என்று பெயர் கொடுத்து மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான், டாக்டர்களே இதைக் காதில் போட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். தொல்லை விலக்குக்கு முந்தைய ஐந்து நாளில் வந்து, உதிரம் தொடங்கி நான்கு நாளுக்குள் அடங்கி, தொடர்ந்து மூன்று மாதம் இதே வரிசையில் நடந்தால் அது இந்த நோய்க்குறித் தொகுதிதான் என்று டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். சிலருக்கு அந்த நாள்களில் மனம் இருண்டு, செத்துப் போகலாம் என்று தோன்றும் அளவுக்குப் போகிறது. சுபாவமோ கொழுப்போ அதற்குக் காரணம் இல்லை. மருத்துவம் இருக்கிறது. வீட்டில் இருக்கிற ஆண்களும் இதைப் படிக்க வேண்டும். மாதாமாதம் குறிப்பிட்ட நாளில் மனைவி எரிந்து விழுகிறாள் என்றால், "உனக்கு இதே வேலை" என்று சொல்லாமல் ஒரு வேளைச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கரு தங்கியிருக்கிறது என்று தெரிந்தால், சீக்கிரம் தெரிந்ததில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அதாவது நாள் தள்ளி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள். அந்த நேரத்தில் உடம்பில் ஃபோலிக் அமிலம் போதுமான அளவு இருக்க வேண்டும். தினம் 400 மைக்ரோகிராம். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்கி முதல் மூன்று மாதம் வரை. இந்தச் சத்தைத் தேடிய கதை நம் நாட்டில்தான் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலையில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு ஏன் இவ்வளவு கடுமையான ரத்தசோகை வருகிறது என்று ஆராய்ந்தார். நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாற்றில் இருந்த ஏதோ ஒன்று அந்தப் பெண்களைக் குணப்படுத்தியது. அதுதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று தெரியவந்தது. பஞ்சாலைப் பெண்களின் உடம்பிலிருந்து தெரிந்துகொண்ட உண்மை, நூறு வருடம் ஆகப்போகும் இந்நேரத்தில் கார்மெண்ட்ஸ் பெண்களுக்கு வந்து சேராமல் இருக்கக் கூடாது.

தலைவலிக்கும் முகப்பருவுக்கும் வலிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கரு என்று தெரிந்ததும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எக்ஸ்ரே எடுக்கப் போனால் முதலில் நாள் தள்ளியிருப்பதைச் சொல்லுங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் ஆஷாவிடம் பதிவு செய்து கர்ப்பிணிகளுக்கான தாயி கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் 2017 முதல் மாத்ருபூர்ணா திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு அங்கன்வாடியில் மதியச் சாப்பாடு உண்டு. வேலைக்குப் போகிறவர்களால் மதியம் அங்கே போய் உட்கார முடிவதில்லை என்பது இந்தத் திட்டத்தின் பெரிய குறை. நம் பெண்களுக்காக அதை மாற்ற வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

இப்போது பிள்ளை வேண்டாம் என்ற நிலையும் இருக்கலாம். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். 1971ஆம் ஆண்டுச் சட்டமும் 2021இல் அதில் செய்த திருத்தமும், 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதலோடு முறையான ஆஸ்பத்திரியில் கருவைக் கலைக்க வழி செய்கின்றன. 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவன் கையெழுத்து தேவையில்லை. கல்யாணம் ஆகாதவள் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு பாதுகாப்பு. இதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஊகத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

இதை வாசித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று யோசித்து, காலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் போனில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்கும், பக்கத்து சீட்டில் உட்காரும் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுங்கள். மூன்று மாதத் தேதி கையில் இருந்தால் எந்த டாக்டரும் உங்களுக்குச் சரியாகப் பதில் சொல்வார். நாள் தள்ளினால் மாத்திரை கேட்டுக் கடைக்குப் போகாதீர்கள், கிட் கேட்டுப் போங்கள்.